குமுளி ஏத்தத்தில் ஊளையிட்ட வண்டி

டொரன்டோவிலிருந்து ஊருக்கு வந்த இந்தத் தடவை ஏர்போர்ட், பேங்க், ஆதார் வேலை எல்லாம் சுலபமாக முடிந்தது, அதை விடுங்கள். மச்சானின் டர்போ டீசல் கார் கதைக்கு வருகிறேன். டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி.

தேனிப் பக்கம் லோயர் கேம்பிலிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறும் மலை ஏத்தம் தெரியும்தானே? பவர் ஹவுஸ் குழாய்களைத் தாண்டி மேடு பிடித்ததும் வண்டி ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டது. இழுவை இல்லை, பின்னால் கரும்புகை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் கிழட்டு ஜீப்கூட ஹாரன் அடித்து முந்திப் போனது.

ஏற்கெனவே கம்பெனி சர்வீஸில் காட்டியாயிற்றாம். ஏசி, கண்ணாடி அறை, இலவசக் காபி, எல்லாம் டொரன்டோ தரம்! ஸ்கேனரைச் செருகி, "டர்போ போச்சு சார், முழுசா மாத்தணும்" என்று லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட். மலையில் கத்துகிற வண்டியை ஒருத்தரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

குமுளியில் ஜீப் பட்டறைத் தம்பி முதலில் கேட்டதே, "சத்தம் எப்பண்ணே வருது? நின்னுக்கிட்டு ரேஸ் பண்ணா வருதா, மேட்டுல மட்டுமா?" பாரம் இழுக்கும்போதுதான் டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்; நியூட்ரலில் மிதித்து என்ன தெரியும்? அவரே பாதி மலை இறங்கி ஏறினார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஊளையும் நின்றது.

திரும்பி வந்து ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, டர்போ விசிறியை விரலால் ஆட்டினார். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாமாம். முன்னும் பின்னும் ஆடினால்தான் வம்பு. ஆடவில்லை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டுகிற சாமான், உரசியிருந்தால் இதழில் தடம் இருக்கும். அதுவும் இல்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்கு அடியில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. கிளாம்பைத் தளர்த்தி மடக்கிக் காட்டினார்: ஓர் அங்குலக் கீறல். சும்மா நின்றால் மூடிக்கொள்ளும், அழுத்தம் ஏறினால் பிளந்து கத்தும். அந்த வழியாகக் காற்று போய்விட, டீசல் சரியாக எரியாமல் கரும்புகை.

டொரன்டோவில் இவ்வளவு பொறுமையாகப் பார்க்க அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்காது. ஆனால் அங்கே பார்ட்ஸுக்கு டிராக்கிங் நம்பர் வரும். இங்கே மதுரைக் கடைக்காரர் புது ஹோஸை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு போனை அணைத்துவிட்டார்! குமுளி ஸ்டாண்டில் வருகிற பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி, "மஞ்சப்பை வந்துச்சாண்ணே?" என்று கேட்டுத் திரிந்தேன். இருட்டியபிறகு வந்தது.

மாட்டிக்கொடுத்து, கூலியாகக் கேட்டது டொரன்டோவில் ஆயில் மாற்றக்கூடக் காணாது. "மேடு ஏறி வந்ததும் ஆஃப் பண்ணாதீங்க, ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்க, டர்போ சூடு இறங்கட்டும்" என்றார். மச்சான் பலமாகத் தலையாட்டினார். மறுநாள் ஏத்தம் முடிந்த முதல் டீக்கடையிலேயே சாவியைத் திருகி இறங்கிவிட்டார்.