சிறார் அணிக்குக் காப்பீடு: சங்கத்தின் குழுப் பாலிசியா, அணியின் சொந்தப் பாலிசியா?

சிறார் விளையாட்டு அணியொன்றைப் பதிவு செய்யும் படிவத்தில் "காப்பீடு உண்டா?" என்ற கேள்விக்கு ஒரேயொரு கட்டம்தான் இருக்கும். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் தனித்தனியான இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. அணியில் ஆடும் பிள்ளைக்கு அடிபட்டால் அதற்கான சிகிச்சைச் செலவு ஒன்று. அணியின் கவனக்குறைவால் தனக்குத் தீங்கு நேர்ந்தது என்று யாராவது வழக்குத் தொடுத்தால் ஏற்படும் செலவு மற்றொன்று. முதலாவதற்கு விபத்து மருத்துவக் காப்பீடு. யார் மீது தவறு என்று கேட்காமலே அது பணம் தரும். இரண்டாவதற்குப் பொறுப்புக் காப்பீடு. இழப்பீட்டுடன், பெரும்பாலான பாலிசிகளில், வழக்கறிஞர் கட்டணத்தையும் அது ஏற்கும். ஒன்றை வாங்கிவிட்டு மற்றொன்றும் தன்னிடம் இருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் அணி நிர்வாகிகள் செய்யும் பொதுவான பிழை.

அணிகளின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: பெற்றோரின் சொந்த மருத்துவக் காப்பீட்டை நம்பி ஓர் ஒப்புதல் கடிதம் மட்டும் வாங்கிக்கொள்வது, அணி சேர்ந்துள்ள சங்கத்தின் குழுக் காப்பீட்டில் இணைவது, அணியின் பெயரிலேயே தனிப் பாலிசி எடுப்பது.

முதல் வழியை விரைவாகக் கடந்துவிடலாம். "என் பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் அணி பொறுப்பல்ல" என்று பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தால் பிள்ளையின் உரிமை அற்றுப்போகும் என்பதைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஏற்கும் இடங்களிலும் கடும் அலட்சியத்துக்கு அந்தக் கடிதம் பொதுவாகக் கவசமாகாது. பெற்றோரின் பாலிசி மருத்துவமனைச் செலவைக் கொடுத்துவிட்டாலும் விஷயம் முடிந்துவிடாது. தவறு அணியுடையது என்று கருதினால், அந்தக் காப்பீட்டு நிறுவனமே தான் கொடுத்த தொகையை அணியிடமிருந்து வசூலிக்க வழக்குத் தொடுக்கலாம். பெற்றோர் நமக்கு நண்பர்கள் என்பதால் மட்டும் அவர்களுடைய காப்பீட்டு நிறுவனமும் நண்பராகிவிடாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டு வழிகளுக்கு இடையில்தான்.

சங்கத்தின் குழுக் காப்பீட்டுக்கு முதல் பலம் விலை. நூற்றுக்கணக்கான அணிகள் சேர்ந்து வாங்குவதால் ஒரு பிள்ளைக்கு ஆகும் பிரீமியம் குறைகிறது. பல சங்கங்களில் அது பதிவுக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. பாலிசியின் வாசகமும் விளையாட்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கும். ஆனால் "சங்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட நடவடிக்கை" என்ற ஒரு சொற்றொடருக்குள்தான் அந்தக் காப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அட்டவணையில் உள்ள போட்டி அதற்குள் வரும். முன்கூட்டித் தெரிவித்த பயிற்சியும் வரும். மழையால் ரத்தான பயிற்சியை வேறொரு நாள் வேறொரு மைதானத்துக்கு மாற்றி, அதைச் சங்கத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால் வராமல் போகலாம். நான் மேலாளராக இருந்த அணியில் இதுவேதான் நடந்தது. மாற்றிவைத்த மாலைப் பயிற்சியில், உயரப் பந்தைப் பிடிக்கப் பின்னால் ஓடிய சிறுவன் கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கோரிக்கைப் படிவத்தில் "நிகழ்ந்த இடம்" என்ற வரியை நிரப்பும்போதுதான் அந்த மைதானம் சங்கத்தின் பட்டியலிலேயே இல்லை என்பது எனக்கு உறைத்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. செலவை அணியின் கையிருப்பிலிருந்து கொடுத்தோம்.

குழுப் பாலிசியில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓர் ஆண்டு முழுவதற்கும் நிறுவனம் தரக்கூடிய மொத்த உச்சவரம்பு ஒவ்வோர் அணிக்கும் தனித்தனியாகவா, எல்லா அணிகளுக்கும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். சேர்த்து என்றால், எங்கோ ஓர் அணியின் பெரிய வழக்கு உங்கள் காப்பையும் கரைத்துவிடும். பாலிசியின் உரிமையாளர் சங்கம்தான் என்பதால் உங்கள் கைக்கு வருவது சான்றிதழ் மட்டுமே. பாலிசி எவற்றுக்குப் பணம் தராது என்று சொல்லும் விலக்குகளின் பட்டியல் அதில் இருக்காது. முழுப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

தனிப் பாலிசியின் பலம் அது உங்கள் அணியின் நடவடிக்கைகளைப் பார்த்து எழுதப்படுவது. விடுமுறைப் பயிற்சி முகாம், வெளியூர்ப் பயணம், நிதி திரட்டும் நிகழ்ச்சி, பருவ இறுதி விருந்து எல்லாவற்றையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுச் சேர்த்துவிடலாம். மைதான உரிமையாளர் தன் பெயரைக் கூடுதலாகக் காப்புப் பெறுபவராகப் பாலிசியில் சேர்க்கச் சொன்னால், சங்க அலுவலகத்தின் வரிசையில் நிற்காமல் உங்கள் முகவரிடமே அதைக் கேட்டுப் பெறலாம். பலவீனம், குறைந்தபட்ச பிரீமியம் என்று ஒன்று இருப்பது. பதினைந்து பிள்ளைகள் உள்ள அணியும் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும், அறுபது பேர் உள்ள அமைப்பும் அதையே கட்டக்கூடும். சிறிய அணிக்குத் தலைக்கு ஆகும் செலவு ஏறிவிடுகிறது.

அதைவிடப் பெரிய பொறி வேறொன்று. விளையாட்டில் பழக்கமில்லாத முகவர் கடைக்கும் அலுவலகத்துக்கும் விற்கும் சாதாரணப் பொறுப்புப் பாலிசியையே அணிக்கும் விற்றுவிடுவார். அதில் "விளையாட்டில் பங்கேற்பவர்களுக்கு நேரும் காயங்கள் நீங்கலாக" என்ற விலக்கு இருக்கக்கூடும். பார்வையாளர் தலையில் பந்து பட்டால் காப்பு உண்டு, ஆடும் பிள்ளை தலையில் பட்டால் இல்லை. சிறார் அணிக்கு இதைவிடப் பயனற்ற பாலிசி இருக்க முடியாது. எந்தப் பாலிசி கையில் வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். காப்புத் தொகை எத்தனை இலக்கம் என்பதைப் பிறகுதான் பார்ப்பேன்.

அடுத்துத் தேட வேண்டியவை இரண்டு. பிள்ளைகள் மீதான பாலியல் துன்புறுத்தல் குறித்த வழக்குகளைப் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன; அதற்கான காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பயிற்சியாளர்களின் பின்னணியைச் சரிபார்ப்பது, எந்தப் பிள்ளையுடனும் ஒரு பெரியவர் தனியே இருக்கக்கூடாது என்று விதி வகுப்பது போன்றவற்றை நிறுவனங்கள் அதற்கு நிபந்தனையாக்குவது வழக்கம். இரண்டாவது, தலையில் அடிபட்டு ஏற்படும் மூளை அதிர்ச்சி. சர்வதேச கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்ட் முதல் இதற்காக மாற்று வீரரையே அனுமதிக்கும் அளவுக்கு விளையாட்டு உலகம் இதைக் கருத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் சில பொறுப்புப் பாலிசிகள் அதே காயத்தை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. கால்பந்து, கபடி, ரக்பி போல உடலோடு உடல் மோதும் ஆட்டம் என்றால் இந்த விலக்குள்ள பாலிசியை எந்த விலைக்கும் நான் வாங்கமாட்டேன்.

விபத்து மருத்துவப் பகுதியில் இரண்டு வழிகளுக்கும் ஒரே கேள்விகள்தான். அது முதன்மைக் காப்பா, பெற்றோரின் காப்பீடு கொடுத்தது போக மீதியை மட்டும் தருவதா? சிகிச்சையை எத்தனை நாளுக்குள் தொடங்க வேண்டும்? பல்லுக்குத் தனி வரம்பு உண்டா? தொடர்ந்து பந்து வீசியதால் மெல்ல வந்த தோள்வலியை இத்தகைய பாலிசிகள் பொதுவாக விபத்தாகக் கருதுவதில்லை என்பதையும் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பலரும் கவனிக்காமல் விடுவது காலக்கணக்கு. பல சட்ட முறைகளில், சிறுவருக்கு வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு அவர் வயதுவந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. எட்டு வயதில் காயம்பட்ட பிள்ளையின் வழக்கு பத்தாண்டுகள் கழித்தும் வரலாம். அதற்குள் அணியே கலைந்திருக்கலாம். எனவே, வழக்கு எந்த ஆண்டில் வந்தாலும் காயம் நிகழ்ந்த ஆண்டின் பாலிசியே பொறுப்பேற்கும் வகையைத்தான் எடுக்க வேண்டும்; கோரிக்கை வரும்போது பாலிசி நடப்பில் இருந்தாக வேண்டும் என்ற வகை சிறார் அணிக்குப் பொருந்தாது. பழைய பாலிசிகளைத் தூக்கியெறியவும் கூடாது. இந்த ஒரு விஷயத்தில், நிலைத்து நிற்கும் சங்கத்தின் குழுப் பாலிசி, நிர்வாகிகள் அடிக்கடி மாறும் சிறு அணியின் தனிப் பாலிசியை விட மேலானது. ஆவணங்கள் ஓரிடத்தில் இருக்கும்.

பெற்றோர் தம் காரில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதை இரண்டு வழிகளும் பொதுவாகக் காப்பதில்லை. அது வாகனக் காப்பீட்டின் பொறுப்பு. மட்டை, வலை, கால்கவசங்கள் களவு போவதற்கும் தனிச் சேர்க்கை வேண்டும்.

சங்கப் போட்டிகளும் அதன் பட்டியலிலுள்ள பயிற்சிகளும் மட்டுமே நடத்தும் அணி, மேற்சொன்ன விலக்குகள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின், குழுக் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கூடுதலாகச் செலவழிக்க அவசியமில்லை. முகாமும் வெளியூர்ப் பயணமும் நடத்தும் அணி குழுக் காப்பீட்டை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அது தொடாத நாட்களுக்கு மட்டும் ஒரு தனிப் பாலிசி எடுப்பதே என் தேர்வு. சங்கமே இல்லாத அணிக்குத் தனிப் பாலிசியை விட்டால் வேறு வழியில்லை; அப்போது விளையாட்டு அமைப்புகளுக்கு விற்றுப் பழகிய முகவரைத் தேட வேண்டும். எதை எடுத்தாலும், புதிதாகச் சேரும் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறும் வரை அவனை வலைப்பயிற்சிக்கும் இறக்காதீர்கள். கோரிக்கைப் படிவத்தின் நகல் ஒன்றை முதலுதவிப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.