கடலோர வீட்டில் இலைத்தேயிலை: பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

தூளாக்காமல் இலையாகவே விற்கும் இலைத்தேயிலையை வாங்கத் தொடங்குகிறவர்கள் எந்தத் தோட்டம், எந்த ரகம் என்று கேட்பார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்பதுதான். குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும்.

எங்கள் வீடு குளச்சல் பக்கம், கடலுக்கு அருகில். கிணற்று நீர் சற்று உவர்ப்பு. அதில் நல்ல இலையைப் போட்டாலும், ஆறத் தொடங்கியதும் மேலே எண்ணெய் படர்ந்ததுபோல ஒரு மெல்லிய படலம் கட்டும். டம்ளரின் உட்புறத்தில் பழுப்பு வளையம் ஒட்டிக்கொள்ளும். நிறம் மங்கிவிடும், வாசமும் எழாது. அதே பொட்டலத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மலையோரக் குலசேகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர்கள் கிணற்று நீரில் தேநீர் தெளிந்த செம்பொன் நிறத்தில் இறங்கியது. ஒரு வாய் குடித்ததும் அக்கா, "இதையா மணமில்லை என்று சொன்னாய்?" என்று கேட்டாள். இலை அதேதான், தண்ணீர்தான் வேறு.

எங்கள் கிணற்று நீர்போன்ற கடின நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, தேயிலையில் துவர்ப்பைத் தரும் பாலிபீனால்களோடு சேர்வதால்தான் அந்தப் படலம் உண்டாகிறது. சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் மறைந்துவிடும். பால் சேர்க்காத கட்டன் சாயாவில் எலுமிச்சை பிழிகிற நம் ஊர் வழக்கம் கடலோர நீருக்கு மெய்யாகவே பொருந்துகிறது. ஆனால் எலுமிச்சை விட்டபின் இலையின் நுட்பமான சுவை எதுவும் தெரியாது. ஒரு தேயிலையை மதிப்பிட வேண்டுமென்றால் குடிப்பதற்கு வாங்கும் கேன் நீரையோ வடிகட்டிய நீரையோ பயன்படுத்துங்கள். இதைச் செய்யாமல் விலை உயர்ந்த தேயிலைக்குப் போவதில் பயனில்லை.

அடுத்து, எதை வாங்குவது? நாம் சின்ன வயதிலிருந்து குடித்து வளர்ந்தது பெரும்பாலும் சிடிசி தூள். 1930களில் அசாமில் வந்த முறை அது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, மணிமணியாகச் சுருட்டுவார்கள். சாறு சட்டென்று இறங்கும், பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்கும். ஆர்த்தடாக்ஸ் எனப்படும் இலைத்தேயிலை வேறு வகை. இலையை வாடவிட்டு, முறுக்கி உருட்டி, காற்றுப்பட வைத்து நிறம் மாறிய பிறகு உலர்த்துவார்கள். இலை பெரும்பாலும் முழுதாகவே இருப்பதால் சாறு மெதுவாகத்தான் இறங்கும். கடுப்பு குறைவு, மணம் அதிகம்.

தொடங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது மணம் எதுவும் சேர்க்காத நீலகிரி ஆர்த்தடாக்ஸ் கறுப்புத் தேயிலை. மலையின் உயரத்தால் அதற்கு ஒரு பூவாசம் உண்டு. பால் இல்லாமல் குடித்தாலும் தொண்டையைப் பிடிக்காது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறித்த இலையில் அந்த வாசம் இன்னும் தூக்கலாக இருக்கும். டார்ஜிலிங் முதல் பறிப்பு அருமையானதுதான். ஆனால் வெளிறிய நிறமும் மெல்லிய சுவையும் கொண்டது. திடமான சாயா குடித்துப் பழகிய நாக்குக்கு முதல் நாளே கொடுத்தால் வெறும் தண்ணீர் என்று தள்ளிவிடும். அசாம் இலை திடமானது, பாலுக்கும் ஏற்றது. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். பச்சைத் தேயிலையைக் கடைசியில் பாருங்கள். கொதிக்கும் நீரை ஊற்றினால் அது கசந்துவிடும், 75 முதல் 80 டிகிரி வரை ஆறவிட வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 2024-இல் தேயிலை வேலை நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம். நமக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு தேயிலை மலை இருந்தது.

உறையில் ஓ.பி., எஃப்.ஓ.பி., டி.ஜி.எஃப்.ஓ.பி. என்று எழுத்துகள் நீண்டுகொண்டே போகும். அவை முக்கியமாகச் சொல்வது இலையின் அளவையும் தோற்றத்தையும், அதில் மொட்டு நுனிகள் எவ்வளவு என்பதையும்தான். எழுத்து கூடினால் விலை கூடலாம், உங்களுக்குப் பிடிக்குமா என்பது அதில் தெரியாது. நான் தேடுவது பறித்த மாதமும் ஆண்டும். அதைத் தெளிவாக அச்சிடுகிற தோட்டத்தின் மீது எனக்குத் தனி மரியாதை.

பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு சிட்டிகை இலையை வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். நல்ல இலை ஒரே அளவில், முறுக்கேறி, கருமையாக இருக்கும். வெளிறிய காம்பும் அடியில் தங்கிய தூளும் நிறைய இருந்தால் அடுத்த முறை அந்தப் பெயரை வாங்க வேண்டாம். ஓர் இலையை விரல்களுக்கிடையே அழுத்தினால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். பிறகு ஈரத்தாளில் கொஞ்சம் தூவிப் பாருங்கள். உடனே அடர்ந்த நிறம் பரவினால் சாயம் கலந்திருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது தேநீரை வடித்தபின் கிடைக்கும் ஈர இலையைப் பார்ப்பது. சுருண்டு கிடந்தது நிமிர்ந்து, நரம்பும் பல்விளிம்பும் தெரிய, சில வேளை இரண்டு இலையும் ஒரு மொட்டும் அப்படியே ஒரே காம்பில் விரிந்திருக்கும். நல்ல கறுப்புத் தேயிலையில் அந்த ஈர இலை செம்பு நிறம் காட்டும். ஒரு பெண்ணின் விரல்கள் மலைச்சரிவில் கிள்ளிய இடத்தைக் காம்பின் நுனியில் பார்க்கலாம். அந்த உழைப்பை மதிக்கிறவர்கள் அதைக் கொதிக்க வைத்து வதைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதற்காகப் பீங்கான் கெண்டியெல்லாம் தேவையில்லை. மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரமும் சாதாரண வடிகட்டியும் போதும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, 200 மில்லிக்கு 2 முதல் 2.5 கிராம் இலை போட்டு, மூடி, மூன்று நான்கு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். சங்கிலியில் தொங்கும் சின்ன உருண்டை வடிகட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலை விரிய அதில் இடமில்லை.

வாங்கிய தேயிலையைக் காப்பதுதான் நம் மாவட்டத்தில் பெரிய வேலை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு உண்டு, நடுவில் கடற்காற்று. உலர்ந்த தேயிலை ஈரத்தை மட்டுமல்ல, பக்கத்திலிருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் கிராம்பும் நல்லமிளகும் கருவாடும் ஒரே அலமாரியில் இருக்கும். மலையோர ஊர்களில் ரப்பர் ஷீட் காயும் புகைவாடை வேறு. அக்கா வீட்டில் கிராம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்த நீலகிரி, ஒரு மழைக்காலத்துக்குள் கிராம்புத் தேநீர் ஆகிவிட்டது. குடிக்க நன்றாகத்தான் இருந்தது, நீலகிரியின் சுவடு மட்டும் இல்லை. இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில், வெளிச்சமும் அடுப்பின் சூடும் படாத இடத்தில் வையுங்கள். ஈரக்கரண்டி உள்ளே போகவே கூடாது. 100 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். தள்ளுபடி விலையில் கிலோக்கணக்கில் வாங்கியது ஆடி மாதத்துக்குள் சப்பென்று ஆகிவிடும்.

தோவாளைப் பூச்சந்தையின் மணத்தில் வளர்ந்தவர்களுக்கு மல்லிகைத் தேநீர் மீது ஆசை வருவது இயல்பு. முறையாகச் செய்யும்போது, பச்சைத் தேயிலையோடு புதுப்பூக்களை இரவு முழுக்கக் கலந்து வைத்து, பிறகு பூவை நீக்கி, அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். மலிவானதில் எசன்ஸ்தான் இருக்கும். இலையின் சொந்த வாசம் பழகிய பிறகு இதை வாங்கினால் வேறுபாட்டை மூக்கே சொல்லிவிடும்.

விலையைக் கேட்டுப் பலர் பின்வாங்குகிறார்கள். நான் வாங்கும் இலை 100 கிராம் 250 ரூபாய் அளவில் வருகிறது. ஒரு குவளைக்கு 2.5 கிராம் என்றால் 40 குவளை, குவளைக்கு ஏறக்குறைய 6 ரூபாய். அதே இலையில் இரண்டாம் முறையும் நீர் ஊற்றலாம், ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் போதும். பங்குனி, சித்திரை வெயிலில் இன்னொரு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 8 கிராம் இலையைப் போட்டு இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் வடித்துவிடுங்கள். நீலகிரி இலை குளிர்ந்தாலும் கலங்காது, சர்க்கரை இல்லாமலே குடிக்கலாம். பால் ஊற்றிக் குடிக்க விரும்பும் விருந்தினருக்காக எங்கள் வீட்டில் சிடிசி தூளும் எப்போதும் இருக்கிறது. கருப்பட்டி போடுவதானால் அந்தத் தூள்தான் சரி.