வெள்ளவத்தையில் இரண்டு புதன்கிழமைகள்

மூன்று கிழமை லீவில் கொழும்புக்கு வந்தோம். முதல் கிழமை சொந்தக்காரர் வீடு, கலியாண வீடு, புடைவைக் கடை என்றே போய்விட்டது. பதினொரு வயது மகளுக்கு அலுத்துப் போய், "அம்மா, இங்க லைப்ரரி இல்லையா?" என்று கேட்டாள். ரொறன்ரோவில் அவள் பாதி வளர்ந்ததே நூலகத்தில்தான். கதை நேரம், கைவேலை, கணினி என்று எல்லாமே அங்கே இலவசம்.

சரி, காலி வீதியிலிருந்து நடந்து 57ஆவது ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கியது. ஏ.எல். (உயர்தரம்) படித்த காலத்தில், வீட்டில் இடம் போதாமல் சங்கத்தின் நூலகத்தில்தான் நான் புத்தகம் விரித்தேன். எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒருவரும் எழுப்பிவிட்டதில்லை.

மகள் ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். 'கிழவி' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். எதிரே வெள்ளைச் சீருடையோடு கணக்குச் செய்துகொண்டிருந்த பையன், தலையை நிமிர்த்தாமலே, "நாக்கை மடிச்சுச் சொல்லுங்கோ அக்கா" என்றான். அவள் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பக் கணக்குக்குப் போய்விட்டான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நாலு வருடமாக வராத ழகரம் அது.

அன்று புதன்கிழமை. மாலையில் அறிவோர் ஒன்றுகூடல் இருக்கிறது, இருந்து கேட்டுவிட்டுப் போங்கோ என்றார்கள். கட்டணம் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கம்பஸ் பிள்ளைகள், வேலை முடிந்து பையோடு வந்தவர்கள் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். மலையக நாட்டார் பாடல்கள் பற்றிய பேச்சு. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கியவர்கள், காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே வந்ததைப் பேச்சாளர் சொன்னார். அவர்கள் முதலில் வந்தது கோப்பித் தோட்டத்துக்கு. 1869இல் கோப்பிச் செடியில் இலை நோய் பிடித்த பிறகுதான் தேயிலை பரவியது. அப்புறம் ஒரு தாலாட்டைப் பாடிக் காட்டினார். இரண்டாவது அடியில், எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா தன்பாட்டில் சேர்ந்து பாடினார். பதுளைப் பக்கம் பிறந்தவராம். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்ததும், "பாட்டி, உங்கட அம்மாவும் நடந்தா வந்தவ?" என்று கேட்டாள். "இல்ல கண்ணு, அம்மாவோட பாட்டி" என்று அவர் கதையைத் தொடங்க, நாங்கள் வெளியே வர எட்டு மணியாகிவிட்டது.

விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள கொழும்புப் பொது நூலகத்துக்கும் ஒருநாள் போனோம். 1925இல் தொடங்கிய நூலகம். இப்போதைய கட்டடம் 1980இல் திறக்கப்பட்டது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் புத்தகங்கள் உண்டு. ஒக்டோபரில் வருகிறவர்கள் கட்டாயம் விசாரியுங்கள். நாட்டில் அது வாசிப்பு மாதம், நூலகங்களில் பிள்ளைகளுக்குப் போட்டிகளும் கண்காட்சிகளும் நடக்கும்.

பயணத் திட்டம் போடும்போது நாங்கள் ஹோட்டலும் கடற்கரையும்தான் பார்க்கிறோம். பிள்ளைகளின் தமிழ் போகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள், ஒரு பின்னேரத்தையாவது இப்படி ஓர் இடத்துக்கு ஒதுக்குங்கள். அங்கே தமிழைப் பாடமாக யாரும் நடத்துவதில்லை. தமிழில் கதைக்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைக்கு அது போதும்.

அடுத்த புதன்கிழமை மழை. ஆட்டோ கிடைக்காமல் பிந்திப் போனோம். பின்வரிசையில் இரண்டு கதிரைகளில் குடையையும் பையையும் வைத்து, எங்களுக்கு இடம் பிடித்திருந்தார் அந்தப் பாட்டி.