பெட்ரோல் டேங்க்: துருவுக்கு எந்த வழி, ஒடுக்குக்கு எந்த வழி?

பைக் ஆர்எக்ஸ் 100 ஆனாலும் பழைய புல்லட் ஆனாலும் டேங்கைக் கழற்றியதும் "எந்த ஆசிட் ஊத்தலாம்?" என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு. கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்க வேண்டுமா, எப்படியும் புது பெயின்ட் அடிக்கப்போகிறோமா? துருவுக்கும் ஒடுக்குக்கும் உள்ள வழிகளில் பாதி இந்தப் பதிலிலேயே அடிபட்டுவிடும்.

கூடவே ஒரு சோதனை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். நின்றுபோன வண்டியில் பெட்ரோல் டேப்பை ஒட்டிய அடி மடிப்பு முதலில் அரிப்பது அதனால்தான். அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்துங்கள். தகடு உள்வாங்கினால் அங்கே துரு எடுத்துப் பயனில்லை, அந்தத் துண்டை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டியதுதான்.

தகடு திடமாக இருந்தால் வழிகளைப் பார்க்கலாம். பலரும் முதலில் கை நீட்டுவது கழிப்பறை கழுவும் ஆசிட்டுக்கு. அரை மணியில் துரு கரைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் நல்ல தகட்டையும் விடாது. டேங்க் தகடே ஒரு மில்லிமீட்டர் சுமார்தான், அதில் துருக்குழிகள் வேறு. கழுவி முடிப்பதற்குள் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும், புகை பட்ட குரோமும் மங்கிப்போகும். வேகத்தைத் தவிர இதற்கு வேறு பெருமை இல்லை.

வினிகர் சாது. ஆனால் 10 லிட்டர் டேங்கை நிரப்ப அரை லிட்டர் பாட்டில் இருபது வேண்டும், வேலை முடிய இரண்டு மூன்று நாளாகும். அதே வேலையை மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) குறைந்த செலவில் செய்யும். லிட்டருக்கு 60 முதல் 80 கிராம், அதாவது 10 லிட்டருக்கு முக்கால் கிலோ. (பித்தளைக்கு வேலை செய்கிறதே என்று புளி கரைத்து ஊற்றாதீர்கள். நார் போய் டேப்பை அடைக்கும்.)

எதை ஊற்றுவதானாலும் முதலில் டேப்பையும் பெட்ரோல் மீட்டர் மிதவையையும் கழற்றி, துளைகளை ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு நீரைச் சுடச்சுட ஊற்றி இரண்டு மூன்று முறை குலுக்கிக் கொட்டுங்கள். பழைய பெட்ரோல் விட்டுப்போன பிசின் மேலே படிந்திருந்தால் ஆசிட் துருவைத் தொடவே முடியாது. "ஊத்தினேன், ஒண்ணும் ஆகலை" என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். செதிலாகப் பெயரும் துருவுக்கு ஒரு முழச் சங்கிலியைப் போட்டுக் குலுக்கலாம். நட்டு போல்ட்டைவிடச் சங்கிலி மேல், ஒரே இழுப்பில் வெளியே வரும். பிறகு கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து வாய்வரை நிரப்பி, மூடியை இறுக்காமல் விடுங்கள். உண்டாகும் வாயு வெளியேற வேண்டும். 12 மணி நேரத்துக்குப் பிறகு டார்ச் அடித்துப் பார்த்து, தேவையானால் 24 மணி வரை நீட்டலாம். அதற்கு மேல் ஊறினால் தகட்டில் கருப்பாகப் படியும்.

கம்பெனி பெயின்டைக் காக்க வேண்டுமானால் மின்பகுப்பு நல்லது. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் வாய் வழியே தொங்கும் சாதா இரும்புக் கம்பிக்கு. கம்பி எங்கும் டேங்கைத் தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் கம்பி வேண்டாம், நச்சுள்ள குரோமியம் கரையும். நல்ல தகட்டுக்கு இதில் சேதமே இல்லை. குறை ஒன்று: கம்பிக்கு நேரே தெரியும் பரப்புதான் நன்றாகச் சுத்தமாகும். டேங்க் சேசிஸில் உட்காரும் அடிப்பக்க நடுக்குழிக்கு இருபுறமும் தொங்கும் பைகளுக்குக் கம்பியை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வெளிவருவது ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள். கிளிப்பைக் கழற்றுமுன் சார்ஜரை அணையுங்கள்.

ஆசிட் கொட்டியதும் 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் குலுக்கி, உடனே நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கால் லிட்டர் விட்டுச் சுழற்றிக் கொட்டி, ஹேர் டிரையரை ஆல்கஹால் ஆவி போன பிறகே பிடிக்க வேண்டும். காய்ந்த கையோடு 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட்டால் துரு சீக்கிரம் திரும்பாது. எபாக்சி லைனர் என்ற உட்பூச்சு ஊசித்துளை இருந்தால் மட்டும் போதும். ஈரத்தின் மேல் ஊற்றிய லைனர் தோலாக உரிந்து கார்புரேட்டருக்கு வரும், அதை எடுப்பது துரு எடுப்பதைவிடக் கொடுமை.

ஒடுக்குக்கு வருவோம். விளிம்பு மழுங்கிய, ஆழமில்லாத ஒடுக்கு என்றால் சூட்டுப் பசையில் பிளாஸ்டிக் பிடி ஒட்டி இழுக்கும் முறை பெயின்டைக் காப்பாற்றும். மடிப்புக்கோடு விழுந்த ஒடுக்குக்கு அது சரிப்படாது, அங்கே தகடு நீண்டுபோயிருக்கும். மறுபெயின்ட் அடித்த டேங்கில் பசையோடு பெயின்டே உரிந்து வரலாம்.

காற்றடித்து உள்ளிருந்து தள்ளலாம் என்பார்கள். வேண்டவே வேண்டாம். 30க்கு 12 செ.மீ. அளவுள்ள நடுக்குழித் தகட்டில் 1 பார் அழுத்தமே 360 கிலோவுக்கு மேல். ஒடுக்கு எழுவதற்குள் நடுக்குழி உப்பி, டேங்க் சேசிஸில் உட்காராது.

ஆழமான ஒடுக்குக்கு அதன் மேல் வாஷரை வெல்டிங்கில் பற்றவைத்து இழுப்பதே சரியான வழி. ஆனால் காலி டேங்க்தான் ஆபத்தானது: காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். வெந்நீர்ச் சோப்பில் பலமுறை கழுவி, பற்றவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மீதி இடத்தில் ஆர்கான் வாயுவோ கார்பன்-டை-ஆக்சைடோ நிரப்பாமல் எந்தப் பட்டறையிலும் கொடுக்காதீர்கள்.

இழுத்த பிறகு மிஞ்சும் பள்ளத்துக்குத்தான் பட்டி. 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம், 80 எண் தாளில் தேய்த்த வெற்றுத் தகட்டின் மேல், மொத்தம் 3 மி.மீ. தாண்டாமல். ஒரு விரல் கனத்துக்கு அப்பினால் வெயிலிலும் அதிர்விலும் விண்டுபோகும். கடையில் விற்கும் துருப்போக்கியில் உள்ள பாஸ்பாரிக் ஆசிட் வெளிப்பரப்பில் தங்கியிருந்தால் பட்டி அடியில் இறுகாது, கொப்புளமாக எழும்.

ஆகவே புது பெயின்ட் என்றால் முதலில் வெல்டிங், பிறகு எலுமிச்சை உப்பு, பிறகு தேவையானால் லைனர், கடைசியில் பட்டியும் பெயின்டும். வரிசை மாறினால் வெல்டிங் சூட்டில் லைனர் கருகும், வழிந்த ஆசிட்டில் பெயின்ட் கெடும். மேல் கோட் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியராக இருக்கட்டும், சாதா என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் பெட்ரோல் சிந்தினால் மூடியைச் சுற்றிக் கரைந்துவிடும். முதல் இரண்டு மூன்று டேங்க் பெட்ரோல் ஓடும்வரை டேப்புக்குக் கீழே டியூபில் ஒரு ஃபில்டர் மாட்டுங்கள்.