ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு அலைன்மென்ட் விற்றார்கள்: காரை இறக்கப் போகிறவர்கள் படியுங்கள்

முதலில் பார்த்தது நான் அல்ல, உக்கடம் பக்கத்து பங்க்சர் கடைப் பையன். முன் இடது சக்கரத்தில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. ஆணி தேட வசதியாக ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கச் சொன்னான். குனிந்தவன் நிமிராமலே, "அண்ணா, கம்பி தெரியுதுங்ணா" என்றான்.

இறங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. உள் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, மொட்டை. ஒரு இடத்தில் தலைமுடி கனத்தில் எஃகுக் கம்பி நாலைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த டயர் வாங்கி ஓடியது 7,000 கி.மீ. முந்தின ஞாயிறுதான் மனைவியையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு பழனி போய் வந்திருந்தேன். திரும்பும்போது உடுமலையில் நல்ல மழை. ஒரு பஸ் திடீரென்று நிற்க, நான் பிரேக் அடித்ததில் வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. ரோட்டில் ஆயில் கொட்டியிருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி 2018 ஸ்விஃப்ட், டயர் 185/65 ஆர்15. டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி எனக்குக் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியின் உயரத்தைக் குறைப்பதைத்தான் 'இறக்குவது' என்பார்கள். கோயம்புத்தூர்க்காரனுக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும். செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? திருச்சி ரோட்டில் ஒரு மாடிஃபிகேஷன் கடை. சிவப்பு பவுடர் கோட்டிங் போட்ட ஸ்பிரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார் கடைக்காரர். "35 எம்எம் இறங்கும் ப்ரோ. ரைடு கம்பெனி வண்டி மாதிரியே இருக்கும், கேரண்டி." ஸ்பிரிங் செட் 18,000, லேபர் 3,000. முன்பக்கத்துக்கு இரண்டு புது டயரும் அதே வாரம் போட்டேன், 11,800.

மாலை வண்டி எடுக்கப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்பிரிங் கருப்பாக இருந்தது. கேட்டேன். "உங்க மாடலுக்குக் கருப்புதான் ப்ரோ ஸ்டாக் இருந்துச்சு, ஐட்டம் ஒண்ணுதான்." சரி, பழைய ஸ்பிரிங்? "குடோன்ல இருக்கு, அப்புறம் வந்து எடுத்துக்கங்க." தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் வேலை பார்ப்பது ஒரு பம்ப் கம்பெனியின் குவாலிட்டி பிரிவில். சப்ளையர் கொண்டுவரும் ஒவ்வொரு புஷ்ஷையும் சந்தேகப்பட்டே பத்து வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். அன்று அந்தப் புத்தி எங்கே போனதோ.

அலைன்மென்ட்டுக்கு, அதாவது சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்ய, அவர்களே பக்கத்தில் ஒரு கடைக்கு அனுப்பினார்கள். 600 ரூபாய். பத்தே நிமிடத்தில் முடிந்து, எல்லாம் பச்சை நிறத்தில் வந்த ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். நேர் ரோட்டில் விட்டால் ஸ்டீயரிங் வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

திரும்பப் போனேன். "கேம்பர் அவுட்டா இருக்குங்க சார், நாலு வீலும் அடிச்சு எடுக்கணும்." வீலுக்கு 700, நாலுக்கு 2,800, மறுபடி அலைன்மென்ட் 600. கூடவே நின்று பார்த்தேன். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கால்) ஒரு கொக்கியை மாட்டி, ஹைட்ராலிக் ஜாக்கால் நெம்பினார்கள். ஷாக் அப்சார்பர் குழாயையே வளைக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உள்ளே பிஸ்டன் கம்பி நேராக ஏறி இறங்க வேண்டிய குழாய் அது. வளைத்தால் கம்பி உரசும், சீல் போகும், ஆயில் கசியும். என் இடது ஸ்ட்ரட்டில் பிற்பாடு கசியவும் செய்தது.

இரண்டு மாதம் கழித்து 60 கி.மீ. வேகத்துக்கு மேல் 'ஊம்' என்று ஒரு சத்தம். வீல் பேரிங் போயிருச்சு என்றார்கள். பேரிங் 2,400, கழற்றினோமே என்று இன்னொரு அலைன்மென்ட் 600. சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்தாலும் அச்சு அசல் பேரிங் சத்தம்தான் வரும் என்று இப்போது தெரியும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தாலே சத்தமும் பின்னால் போயிருக்கும், காசில்லாத சோதனை.

கம்பி தெரிந்த பிறகு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பொள்ளாச்சியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதிருக்கும். வண்டியை ஏற்றுவதற்கு முன் இன்னொரு பக்க டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவினார், பிறகு உள்ளேயிருந்து வெளியே. "நீ தடவிப் பாரு கண்ணு" என்றார். ஒரு பக்கம் போகும்போது வழுக்கிக்கொண்டு போகிறது. எதிர்ப்பக்கம் வரும்போது ரம்பப் பல் மாதிரி கையைப் பிடிக்கிறது. "இது கேம்பர் வேலை இல்ல. டோ. சக்கரத்தைப் பக்கவாட்டுல இழுத்துட்டே ஓட்டிருக்கறே."

தெரியாதவர்களுக்காக: கேம்பர் என்பது காரை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு. டோ என்பது மேலேயிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களின் முன்பக்கமும் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே விரிந்திருக்கிறதா என்பது. பாதத்தை விரித்து நடப்பவரின் செருப்பு ஒரு ஓரமாகத் தேயும் இல்லையா, அதேதான். வண்டியை இறக்கினால் இரண்டுமே மாறும். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் ஒரு வட்டத்தில் மேலே போகிறது, ஸ்டீயரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராட் வேறொரு வட்டத்தில் போகிறது. அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்பிவிடுகிறது. அதனால் இறக்கினால் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்பிரிங் படிந்து உட்கார்ந்த பிறகு, ஒரு 500 கி.மீ. ஓட்டிவிட்டு, இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். அலைன்மென்ட்டுக்குக் காசு கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. செய்யாமலே வாங்கினார்கள்.

பொள்ளாச்சியில் வேறொரு கடையில் ஒழுங்காக அளந்து பார்த்தோம். இடது கேம்பர் மைனஸ் 2 டிகிரிக்கு மேல், வலது மைனஸ் ஒன்றேகால். டோ சக்கரத்துக்கு அரை டிகிரி, இரண்டு பக்கமும் வெளியே. அரை டிகிரி என்ன பெரிசு என்று தோன்றும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோமீட்டர் ஓடினால் டயர் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 7,000 கி.மீ.க்கு 61 கி.மீ. என் டயரை நான் பொள்ளாச்சிக்கும் அதைத் தாண்டியும் குறுக்கு வாட்டில் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறேன். வெர்னியரின் ஆழக் கம்பியை விட்டு அளந்தேன்: வெளிப் பள்ளம் 6.6 மி.மீ., நடு 5.1, உள்ளே அளக்க ஒன்றுமில்லை. சட்டப்படி காருக்கு 1.6 மி.மீ. ஆவது இருக்க வேண்டும்.

அப்புறம்தான் அந்த மூன்று தாள்களையும் டேஷ்போர்டிலிருந்து எடுத்து முதல்முறையாகப் படித்தேன். சரிசெய்வதற்கு முந்தைய அளவைக் காட்டும் 'முன்' என்ற கட்டம் மூன்றிலும் காலி, சரிசெய்த பிறகான 'பின்' மட்டும் பச்சை. பின் சக்கர வரிசை மொத்தமும் வெறுமை. இரண்டாவது தாளில் வண்டி மாடல் என்ற இடத்தில் வேறு ஏதோ செடான் பெயர். எந்த வண்டியின் அளவோடு என் வண்டியை ஒப்பிட்டார்களோ! இதைவிடக் கூத்து, பின் சக்கரக் கேம்பருக்கு வாங்கிய 1,400. ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே துண்டு இரும்பு, டார்ஷன் பீம். அங்கே கேம்பரையோ டோவையோ மாற்றத் திருகுவதற்கு ஒரு போல்ட் கூடக் கிடையாது.

இடது, வலது கேம்பர் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பெரியவருக்கு உறுத்தியது. ஸ்ட்ரட்டைக் கழற்றினார். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைத் துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கம்பெனி ஸ்பிரிங்கின் முனை, கீழே இருக்கும் கிண்ணத்தின் படியில் சரியாக உட்கார வேண்டும். இது நடுவில் நறுக்கிய கரும்பு மாதிரி நின்றது. கிரைண்டர் தேய்த்த கோடுகள், அதன் மேல் அவசரமாக அடித்த கருப்பு ஸ்பிரே. நகத்தால் சுரண்டினேன், தோலாக உரிந்து வந்தது. கொஞ்சம் மேலே கம்பெனியின் பெயின்ட் அடையாளம் பாதி அப்படியே இருக்கிறது.

என் ஸ்பிரிங்தான். என் பழைய ஸ்பிரிங்கையே வெட்டி, என்னிடமே 18,000க்கு விற்றிருக்கிறார்கள்.

அதுவும் ஒழுங்காக வெட்டவில்லை. இரண்டையும் மேஜை மேல் நிறுத்தி ஸ்கேல் வைத்தேன், இடது 9 மி.மீ. குட்டை. ஸ்பிரிங்கில் சுற்று குறைந்தால் அது விறைப்பாகும், ஆனால் நீளம் போதாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் கிண்ணத்தை விட்டுத் தளர்ந்து ஆடும். வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்று கேட்டதன் ரகசியம் அதுதான். பின் ஸ்பிரிங் கழன்றே விழலாம் என்றார் பெரியவர். பழனி போன நாள் ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டு திருச்சி ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நாங்க போட்டது இது இல்ல ப்ரோ, வெளிய எங்கயோ மாத்திருக்கீங்க." பில் இருக்கிறது என்றேன். துண்டுச் சீட்டில் 'ஸ்பிரிங் செட், லேபர்' என்று மட்டும் எழுதியிருந்தார். பிராண்டு இல்லை, பார்ட் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. கடைசியில் சொன்னார் பாருங்கள்: "கம்ப்ளெயின்ட் குடுங்க. லோயரிங் பண்ணதுக்கு மொதல்ல உங்க வண்டியத்தான் ஆர்டிஓ பிடிப்பாரு."

அதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் கடுப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொன்னது. இப்படிப்பட்ட கடைகள் பிழைப்பதே இந்தப் பயத்தில்தான். ஆனால் என் புகார் வண்டியை இறக்கியதைப் பற்றியது இல்லை, புது ஸ்பிரிங் என்று காசு வாங்கிக்கொண்டு பழையதை வெட்டிப் போட்டதைப் பற்றியது. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிந்திருக்கிறேன். யுபிஐ ரசீது, மூன்று தாள், படங்கள் எல்லாம் கைவசம். பதில் இன்னும் வரவில்லை. டயர் கம்பெனியிடமும் கேட்டேன், தயாரிப்புக் குறைக்குத்தான் வாரண்டி, அலைன்மென்ட் தேய்மானத்துக்கு இல்லை என்றார்கள். நியாயம்தான்.

வண்டியைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிட்டேன். நாலு கம்பெனி ஸ்பிரிங், இரண்டு ஸ்ட்ரட், இரண்டு டயர், லேபர் எல்லாம் சேர்த்து 27,500. முன்னால் கொட்டிய 21,000, அலைன்மென்ட், கேம்பர், பேரிங் என்று போன 7,000, நாசமான டயர் 11,800. மொத்தம் 67,300 ரூபாய் செலவழித்து முதலில் இருந்த இடத்துக்கே வந்திருக்கிறேன். வீட்டில் இந்தத் தொகையை இன்னும் சொல்லவில்லை.

பெரியவர் ஸ்ட்ரட் மாட்டும்போது ஒன்று செய்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவில்லை. தரையில் இறக்கி, வண்டி எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார். தொங்கவிட்டு இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடுமாம். திருச்சி ரோட்டில் வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

இறக்கியே தீருவேன் என்பவர்களைத் தடுக்க எனக்குத் தகுதி இல்லை. பழைய ஸ்பிரிங் நாலையும் அன்றே டிக்கியில் போடச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். அலைன்மென்ட் தாளில் 'முன்' எண்கள் இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள். மிஷினில் உங்கள் வண்டி மாடலைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேம்பரை ஜாக் வைத்து நெம்ப வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கேம்பர் போல்ட் என்று தனியாகவே கிடைக்கிறது, குழாயை வளைக்கத் தேவையே இல்லை.

ஏற்கெனவே திருச்சி ரோட்டுப் பக்கம் எங்காவது இறக்கியிருந்தால், இந்த வாரமே ஒருநாள் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, செல்போன் டார்ச்சை டயரின் உள் விளிம்பில் அடித்துப் பாருங்கள். அப்படியே ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றையும் ஒரு துணியால் துடைத்து, நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.