அரக்கா, சந்தனமா, கருப்பா, வெள்ளையா: ஒரு புடவைக் கடைத் தளத்துக்கு நிறம் பார்த்த கதை

காஞ்சிபுரத்தில் மாமா சின்னதாக ஒரு பட்டுப்புடவைக் கடை நடத்துகிறார். கடைக்கு ஓர் இணையதளம் செய்து தருகிறேன் என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டேன். தளம் ஒரு வாரத்தில் முடிந்தது, நிறம் முடிவாகத்தான் ஒரு மாதம் ஆனது. மாமாவுக்கு அரக்கும் இலைப்பச்சையும் வேண்டும். அத்தைக்குச் சந்தனக் கலர். கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகன், "கருப்புதான் கெத்து" என்றான். என் ஓட்டு வெள்ளைக்கு. வாதாடிப் பயனில்லை என்று நாலையும் செய்தே பார்த்துவிட்டோம், அதே நாற்பது புடவைப் படங்களை வைத்து.

அழகு ஆளுக்கு ஆள் மாறும். அளக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச விகிதம். வெள்ளையில் கருப்பு என்றால் 21. இரண்டும் ஒரே நிறம் என்றால் 1. இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 வேண்டும் என்கிறது. கண்டிப்பான நிலைக்கு 7. இந்தக் கணக்கு நிறத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தை மட்டுமே பார்க்கிறது. அதிலும் பச்சைக்குத்தான் பெரும்பங்கு: சுமார் 72 சதவீதம். சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7.

மாமாவின் ஜோடியை இதில் போட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை நேரெதிர் நிறம். தறியில் மூன்று நாடா ஓட்டி இரண்டையும் கோர்க்கிறார்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை போட்டால் பார்வையை எடுக்க முடியாது. அதே ஜோடியில் எழுதிப் பாருங்கள். பச்சைமேல் அரக்கு எழுத்து 2.1தான் வருகிறது. பளிச்சென்ற சிவப்பு என்றால் இன்னும் மோசம், 1.3. புடவையில் கண்ணுக்குக் கிடைப்பது பெரிய பரப்பு. எழுத்தில் கிடைப்பது மெல்லிய கோடு. சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு, மனைவிக்குப் புடவை தேடி வருபவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

மாமா விடவில்லை. "அப்ப மாம்பழக் கலர் போடு" என்றார். மாம்பழ மஞ்சள்மேல் அரக்கு: 7.2. கண்டிப்பான நிலையே தேறிவிட்டது! அன்று முழுக்க அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

ஆனால் தளம் முழுக்க அரக்கைப் பூசினால் வேறொரு வம்பு வருகிறது. பாரிஸில் கோபெலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரல், இதே வம்பைத் துப்புத் துலக்கினார். கருப்பு நூலில் ஆழம் இல்லை என்று புகார். ஆராய்ந்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கண்ணை ஏமாற்றியிருக்கிறது. 1839இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். எங்கள் பக்கத்திலும் அதுதான் நடந்தது: அரக்குப் பின்னணியில் கிளிப்பச்சைப் புடவை, கையில் இருப்பதைவிடப் பச்சையாகத் தெரிந்தது. போனில் பார்த்த நிறம் இது இல்லையே என்று ஒரு புடவை திரும்பி வந்தால் நஷ்டம் மாமாவுக்கு.

கருப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஜரிகை ஜொலித்தது, மறுக்கவில்லை. கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டி சொன்னதுபோல முழுக்கருப்பை விட்டு, #121212 என்ற குறியீடுள்ள கருஞ்சாம்பலை வைத்தோம். அதன்மேல் அரக்குப் புடவை இருக்கிற இடமே தெரியவில்லை, விகிதம் 1.7. காஞ்சிபுரத்துக் கடையில் அரக்கு தெரியாவிட்டால் அப்புறம் என்ன கடை? பேட்டரி மிச்சமாகும் என்று பையன் வாதாடினான். கருப்பு வரும் இடத்தில் விளக்கே எரியாத ஓஎல்இடி திரையில் அது உண்மைதான். ஆனால் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் அளந்தபோது, திரை வெளிச்சத்தை 30 முதல் 50 சதவீதத்தில் வைத்திருந்தால் மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில்தான் 39 முதல் 47 வரை போகிறது. கருப்புத் திரையை உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் திறந்தால் முதலில் தெரிவது நம் முகம்.

அத்தையின் சந்தனம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. படிக்க இதமான நிறம். லண்டன் பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் 1893 முதல் இளஞ்சிவப்புச் சாயல் தாளில் வருகிறது, இணையத்திலும் அந்தச் சாயலை விடவில்லை. அதன்மேல் கருப்பு எழுத்துக்குக் கிட்டத்தட்ட 19, எனவே படிக்கச் சிரமமில்லை. சிக்கல் படங்களில். எல்லாமே வெள்ளைத் துணி பின்னால் கட்டி எடுத்தவை. சந்தனத்தின்மேல் அடுக்கியதும் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி நாற்பது வெள்ளைக் கட்டங்கள். படத்தைப் பின்னணியோடு பெருக்கிக் கலக்கும் வித்தை ஒன்று உண்டு. அதைப் போட்டால் கட்டம் மறைகிறது, கூடவே புடவை நிறமும் மாறுகிறது. நாற்பதையும் திரும்பப் படமெடுக்க மாமாவிடம் கேட்கும் துணிச்சல் எனக்கில்லை.

என் வெள்ளை மட்டும் யோக்கியமா? படங்கள் கச்சிதமாகப் பொருந்தின. ஆனால் வெள்ளையைத் தொட்டவுடன் எழுத்தைச் சாம்பலாக்கும் ஆசை வந்துவிடுகிறது, பார்க்க நாசூக்காக இருக்கும். நான் வைத்தது #999999, விகிதம் 2.85. அத்தை கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, "என்னடா, புள்ளியே வைக்காம எழுதியிருக்க?" என்றார். வைத்திருந்தேன். அவருக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் சாம்பல் எழுத்து கொஞ்சம் மங்கினால் வார்த்தையாவது பிழைக்கும். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'பட்டு' என்பதைப் பழக்கத்தில் படித்துவிடுவோம். வாங்குபவர் முன்பின் பார்த்திராத ஊர்ப்பெயரிலோ புட்டா பெயரிலோ மெய் உயிர்மெய்யாகிவிட்டால்? வெள்ளையில் தேறும் சாம்பலுக்கு எல்லை #767676, அது 4.54. தமிழுக்கு அதுவும் போதாது என்பது என் கட்சி. 7க்குக் கீழே இறங்கவே மாட்டேன்.

கடைசியில் புடவைப் பக்கங்களுக்கு வெள்ளை. தலைப்புக்கும் விலைக்கும் அரக்கு, அது வெள்ளையில் 10.9. படம் குறைவாக உள்ள முகப்புக்கும் நெசவு பற்றிய பக்கத்துக்கும் சந்தனம். அடிப்பட்டை மாமாவின் மாம்பழமும் அரக்கும். போனில் டார்க் மோட் வைத்திருப்பவர்களுக்குக் கருப்பு வரும், ஆனால் ஒவ்வொரு புடவையும் வெள்ளைச் சட்டத்துக்குள்தான். பையனுக்கு அதில் பாதி திருப்தி.

மிச்சம் இருந்தது வாட்ஸ்அப் பொத்தான். எல்லோருக்கும் பழகிய அந்தப் பச்சையில் வெள்ளை எழுத்து 2ஐக்கூடத் தொடவில்லை. பச்சையை மாற்றலாமா என்றேன். "அதப் பாத்துத்தான் ஜனம் அமுக்குது, தொடாதே" என்றார் மாமா. சரியென்று எழுத்தை மட்டும் கருப்பாக்கினேன். 10.6 வந்தது. மாற்றியதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.