ஒற்றைக்கால் வாள்வீரன்: இரண்டு வருடம், ஒரு கணுக்கால்

போன வாரம் தூசி தட்டும்போது விரல்தான் பட்டது. டக்கென்று கணுக்காலோடு கழன்று விழுந்தான் என் வாள்வீரன்: ரெசின் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்துச் செய்த, நிஜ அளவில் ஆறில் ஒரு பங்கு (1/6) பொம்மைக் கிட். இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நின்றவன். ஒட்டி முடித்த கையோடு எழுதுகிறேன், கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வார்ப்பு அருமை. நகக்கண், உதட்டோரச் சுருக்கம், வாளுறைத் தையல் வரை சிலிக்கான் அச்சு அப்படியே எடுத்திருக்கிறது. காற்றுக் குமிழிகள் விட்ட ஓட்டை நாலைந்துதான், பள்ளம் அடைக்கும் புட்டிப் பசையோடு போயின. அச்சிலிருந்து எளிதாகக் கழற்றப் பூசும் வழவழப்பு, பாத்திர சோப்புக்கும் பழைய டூத் பிரஷுக்கும் அடங்கிவிட்டது. (சோம்பல்பட்டு இதை விட்டால் பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் வெயிலில் காய்ந்த தோல் மாதிரி உரியும். முதல் கிட்டிலேயே பட்டாயிற்று.) வளைந்து வந்த வாளை வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் காட்டினால் அப்படியே இறுகிக்கொள்கிறது. தேவையே இல்லாமல் இன்னொரு முறை வளைத்து விளையாடினேன்.

ஆனால் அந்தக் கணுக்கால்! மொத்த எடையும் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு இணைப்பில். அச்சுக்குள் ரெசின் ஊற்றிய வழியில் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும் தண்டுத் துண்டை, வேறு இடமே கிடைக்காத மாதிரி, அந்த இணைப்பு முகத்திலேயே விட்டிருக்கிறார்கள். ரம்பத்தால் அறுத்து, 400-ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்கும்போது ஒரு பக்கம் அரை மி.மீ. கூடத் தேய்ந்தால் போதும், ஆள் சாய்வான். பாகங்களைப் பொருத்தக் குமிழும் குழியும் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று ஆடுகிறது. இணைப்புக்குள் வலுவுக்குக் கம்பி செருகச் சொல்லிக் குறிப்புத்தாளில் ஒரு வரி இல்லை. நானும் சூப்பர் க்ளூவை நம்பினேன். நேராக இழுத்தால் தாங்கும் பசை அது. பக்கவாட்டில் தட்டினால் சட்டென்று விட்டுவிடும்.

இந்த முறை ஒரு முகத்தில் கையால் திருகும் டிரில்லால் 2 மி.மீ. துளையிட்டேன். அதன் வாயில் சொட்டுப் பெயிண்ட் வைத்து மறுபாகத்தில் ஒற்றினால் அடுத்த துளைக்குப் புள்ளி கிடைத்துவிடும். பித்தளைக் கம்பி, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பசை. அது மெதுவாக இறுகுவதால் நிற்கவைத்து, தள்ளி நின்று பார்த்து, திருத்த நேரம் இருந்தது. பிதுங்கியதைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்த்தேன், மாஸ்க்கோடு. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கால் இனி அசையாது. பூட்ஸ் நிறம்தான் சேரவில்லை. எந்தப் பழுப்போடு எதைக் கலந்தேன் என்று அன்றைக்கு எழுதி வைக்கவில்லை; ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று தெரிகிறது. பத்து நிமிடத்தில் செருகியிருக்க வேண்டிய கம்பி.

இந்தக் கிட் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதே ஆட்களின் குதிரைவீரன் என் மேசையில் பெட்டி பிரிக்காமல் இருப்பதை அவரிடம் சொல்லவில்லை. குதிரைக்கு மூன்று குளம்பாவது தரையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.